முழுமையாக வளர்ந்த ஓசை

என் கணவரைக் கண்டுபிடிப்பதற்காக அவரை முதலில் ஒளிந்துகொள்ளச் சொன்னார்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்கும் நீண்ட இருட்டுக் கூண்டுக்குள் போய், பெட்டியின் கூரைமேல் நின்று, கம்பிகளுக்கு எண்ணெய் விட்டு, தேய்ந்த சக்கரங்களை மாற்றுகிறவர். அவருக்கு ஜோடி என் தம்பி. மொட்டை மாடி மோட்டார் அறையில் நின்று விசையைப் போடுவதும் நிறுத்துவதும் அவன் வேலை. மேலே இருப்பவனுக்குக் கூண்டுக்குள் ஆள் நிற்பது தெரியாது. அதனால் இவர் உள்ளே காலெடுத்து வைக்கும்போதே, "நான் உள்ள!" என்று கத்துவார். அவன் மேலேயிருந்து, "மாமா உள்ள!" என்பான். வேலை முடிந்து வந்தால், "நான் வெளிய!" "மாமா வெளிய!" இரண்டு குரலும் கேட்காமல் விசையில் கை வைக்கமாட்டார்கள்.

அவருடைய ராப் அந்தக் கூண்டுக்குள் பிறந்தது. ஒரு வரி சொன்னால் அது சுவரில் மோதி மேலே போய், கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வரும். அது திரும்புவதற்குள் அடுத்த வரியை வைக்கப் பழகினார். பெட்டி ஒவ்வொரு மாடியையும் கடக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதுதான் அவருக்கு பீட். ஆரம்பத்தில் எல்லா இடைவெளியையும் வார்த்தையால் அடைத்துவிடுவார். கேட்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். பிறகு மெல்ல மெல்ல இடம் விடக் கற்றுக்கொண்டார். ஒரு வரி, ஒரு டக், ஒன்றுமில்லை, மறுபடி ஒரு வரி. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் நிற்கிறவர்கள் பதில் சொல்லலாம். சொன்னார்கள்.

மாலையில் பேருந்துகள் திரும்பும் மேம்பாலத்துக்குக் கீழே நின்று பாடுவார். தனக்குத்தானே 'தொங்கல்' என்று பெயர் வைத்துக்கொண்டார்.

மேல போறவன் கீழ பாக்கல,
கீழ நிக்கிறவன் பேச்ச கேக்கல,
நடுவுல தொங்குறவன் நானு.
பொத்தான அமுக்குற விரலுக்குத் தெரியுமா
பொட்டிக்கு மேல ஒரு ஆளு?

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அவர் எழுதி நீட்டும் தாளைப் பார்த்ததும் என் கை தானாகப் பேனாவுக்குப் போகும். "டீச்சர், கையை எடு," என்பார். "இது ராப். இதுல ஒற்று மிகுதா மிகலையான்னு பாத்தா பாட்டு செத்துடும்." எனக்கு அவர் வைத்த பெயர் டீச்சர். நான் ஒரு நாளும் ஒருவருக்கும் பாடம் எடுத்ததில்லை.

ஒரு மாலை கூட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றார். எல்லோரும் கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள். திரும்பிய பேருந்தின் நடத்துநர்கூடப் படியில் நின்றபடி இரண்டு வரி பாடிவிட்டுத்தான் விசில் கொடுத்தார். வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தில் மட்டும் சாவு வீட்டுக் களை. பாட்டு முடிந்ததும் கிட்டே வந்தார். புதுக்குரல் கண்டறியும் ஆணையத்தின் கண்டறியுநர் என்று சொல்லிக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒரு பெரிய குறை இருக்கு," என்றார்.

"என்னங்க?"

"இத்தனை பேருக்கு உங்களைத் தெரிஞ்சிருக்கு. ஏற்கெனவே தெரிஞ்ச ஆளை நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரமப்படாதீங்க சார். கண்டுபிடிக்காம விட்டுடுங்க."

"அப்படி விட முடியாதுங்க. விட்டுட்டா நீங்க கண்டுபிடிக்கப்படாத கலைஞரா ஆயிடுவீங்க. கண்டுபிடிக்கப்படாத கலைஞர் பொது இடத்துல பாடறது நல்லதில்லை." அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளை மழை வரும் என்பதுபோல் சொன்னார்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். ஆணையத்தின் சொந்த ஒலிப்பதிவுக் கூடம், நல்ல மைக், கடைசியில் ஓர் இசைத்தட்டு, வானொலி. இவருடைய பாட்டு அதுவரை பலருடைய செல்போனில் மட்டும்தான் இருந்தது. அதில் பாதிக்கு மேல் பேருந்து ஹாரன்.

"ஒரே ஒரு தடவை, ஹாரன் இல்லாம, நான் எப்படி இருக்கேன்னு கேக்கணும் டீச்சர்," என்றார் வீட்டுக்கு வந்து.

"நான் தினமும் கேக்கறேனே. நல்லாத்தான் இருக்கீங்க. குறட்டை உட்பட."

"நீ கேக்கறது கணக்குல வராது. நீ பொண்டாட்டி."

முதல் நிபந்தனை, கொஞ்ச காலம் பாலத்துப் பக்கம் போகக்கூடாது. மக்கள் அவரை மறக்க வேண்டும். மறந்தால்தான் கண்டுபிடிக்க வசதி. போகவில்லை. கடைக்குப் போனால் முகத்தை மூடிக்கொண்டு போனார். "தொங்கல் அண்ணன் எங்க?" என்று கேட்டவர்களிடம் என் தம்பி, "தொங்கப் போயிருக்கார்," என்றான். அப்போது நாங்கள் அதற்குச் சிரித்தோம்.

கண்டுபிடிப்பு விழா ஆணையத்தின் கட்டடத்தில் நடந்தது. கால் வைத்தால் சத்தமே வராத தடித்த விரிப்பு எல்லா நடைகளிலும் போட்டிருந்தார்கள். பேசினால் குரல் வாயைவிட்டு ஒரு முழம் போய் அப்படியே விழுந்துவிடும். கீழ்த்தளத்தில் உடைந்த நாற்காலிகள் கிடந்த ஓர் அறைக்குள் என் கணவரை உட்கார வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்தினார்கள். கண்டறியுநர் டார்ச் விளக்கோடு முன்னே போக, அதிகாரிகளும் புகைப்படக்காரரும் பின்னே போனார்கள். அவர் இரண்டு அறைகளைத் திறந்து பார்த்து, "இங்கே இல்லை," என்று தலையசைத்தார். மூன்றாவது கதவைத் திறந்து, "ஆஹா!" என்றார்.

இவர் சிரித்துவிட்டார்.

"கண்டுபிடிக்கப்படறவர் சிரிக்கக்கூடாது. திகைக்கணும்," என்றார் புகைப்படக்காரர். மறுபடி கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது முறை புகைப்படக்காரரின் விளக்கு எரியவில்லை. அதைச் சரி செய்துவிட்டு வருவதற்குள் இவர் உள்ளே தூங்கிப்போனார். கதவைத் திறந்து முகத்தில் வெளிச்சம் அடித்ததும் பதறி எழுந்து கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். அந்தப் படம்தான் சரியாக வந்தது. அதைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார்கள். பார்த்தால், எங்கோ பதுங்கியிருந்தவனைப் பிடித்துவிட்டதுபோல் இருக்கும். அந்தச் சுவரில் அப்படி நிறைய படங்கள் இருந்தன. அத்தனை பேரும் கையால் கண்ணை மறைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பாட்டையும் நான் எங்கேயும் கேட்டதில்லை என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்குப் பட்டது.

ஆணையத் தலைவர் அன்று சிறப்புரை ஆற்றினார். நல்ல கட்டைக் குரல்.

"வளர்ந்துவரும் கலைஞர்களே நம் செல்வம். வளர்ந்துவிட்ட கலைஞரால் இந்த ஆணையத்துக்கு என்ன பயன்? அவர் நம்மைத் தேடி வருவதில்லை. நாம் கூப்பிட்டாலும் வருவதில்லை. எனவே ஒரு கலைஞர் எவ்வளவு நாள் வளர்ந்துகொண்டே இருக்க முடியுமோ அவ்வளவு நாள் அவரை வளரும் நிலையிலேயே வைத்திருப்பது நம் தலையாய கடமை. முடிந்தால், வாழ்நாள் முழுவதும்."

எல்லோரும் கைதட்டினார்கள். விரிப்பு அதையும் குடித்துவிட்டது.

ஒலிப்பதிவு ஒரே நாளில் முடிந்தது. இவர் மொத்தப் பாட்டுகளையும் பாடினார். பதிவானதை ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஹாரன் இல்லை. அவர் மூச்சு இழுப்பதும், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து அவர் போடும் டக்கும், வரிக்கும் வரிக்கும் நடுவே அந்த வெற்றிடமும் அப்படியே இருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாயைத் திறந்தபடி தன்னையே கேட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு வளர்ச்சி அமர்வுகள் தொடங்கின.

வளர்ச்சி அலுவலர் ஒரு பெண். பேச்சு பஞ்சுபோல் இருக்கும். முதல் அமர்வில் எங்களுக்கு அன்பாக விளக்கினார்: "வளர்ச்சின்னா என்ன? மாற்றம். போன அமர்வுக்கும் இந்த அமர்வுக்கும் வித்தியாசம் இருக்குன்னு நாங்க மேல காட்டணும். எதையாவது சேர்த்தோம்னு வைங்க, எதைச் சேர்த்தீங்க, ஏன் சேர்த்தீங்கன்னு நூறு கேள்வி வரும். எடுத்துட்டா கேள்வியே வராது, பாருங்க. இல்லாததைப் பத்தி யாரு கேப்பாங்க?"

முதலில் மூச்சை எடுத்தார்கள். "மூச்சு விடற சத்தம் எல்லாக் கலைஞர்கிட்டயும் இருக்கு. அதுல உங்க தனித்தன்மை எதுவும் இல்லை," என்றார்.

அடுத்த அமர்வில் அந்த டக். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருவதை அவர்களுடைய பதிவுக் கருவி, பழுது என்று காட்டுகிறதாம். "அது பீட்டுங்க," என்றார் இவர். "இருக்கலாம். ஆனா கருவி பழுதுன்னு சொல்லுதே," என்றார் அந்த அம்மாள், இவருக்காக வருத்தப்பட்டு.

பிறகு லிஃப்ட் சம்பந்தமான வார்த்தைகள் போயின. லிஃப்ட் வேறு துறை. அந்தத் துறையின் சம்மதம் இல்லாமல் அதைப் பாட முடியாது. பிறகு கோபம். கோபத்தை எப்படி எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். எடுத்த பிறகு வார்த்தைகள் அதே வார்த்தைகளாகத்தான் இருந்தன, ஆனால் ஓட்டல் சிப்பந்தி சாப்பாட்டு வகைகளைச் சொல்வதுபோல் இருந்தது. பிறகு மற்றவர்கள் பதில் சொல்வதற்காக இவர் விட்டிருந்த இடைவெளிகள். "இங்க எதுவுமே இல்லையே. இதை வெச்சிருக்கறதுக்குக் காரணம் வேணுமே," என்றார்கள்.

ஒவ்வொரு அமர்விலும் முந்தைய பதிவை அழித்தார்கள். "வளர்ந்த பிறகு வளராததை வெச்சிருந்தா அது கலைஞருக்குத்தானே அவமானம்?"

"போதும். எழுந்து வந்துடுங்க," என்றேன் வீட்டில்.

"எப்படி வர்றது? குரல் அவங்ககிட்ட இருக்கு டீச்சர். இப்ப வந்தா வெறும் தொண்டையைத்தான் எடுத்துட்டு வர முடியும்."

"பாலத்துக்குக் கீழ பழையபடி பாடுங்க. தொண்டை போதும்."

"இன்னும் ஒரு அமர்வு, ரெண்டு அமர்வு. அப்புறம் வெளியீடுன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் எல்லாத்தையும் நானே திருப்பிச் சேத்துடுவேன். மூச்சு எங்க போயிடும்? என்கிட்டதானே இருக்கு?"

அவர் அப்படிச் சொன்ன வாரத்தில்தான் ஆணையத்தின் கேட்பாளர் என்று ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் முக்காலியைத் தானே கொண்டுவந்திருந்தார். செருப்பை வாசலில் வரிசையாக வைத்தார். கையகலக் கருவி ஒன்றை மேசைமேல் வைத்தார்; அதில் ஒரு முள். ஆணையத்தின் வளர்ச்சியில் இருக்கும் குரல், வெளியீட்டுக்கு முன்னால் வெளியே கசிந்துவிடக்கூடாது. அதைக் கவனிக்கத்தான் அவர். மிகவும் மரியாதையானவர். என்னை அக்கா என்று கூப்பிட்டார்.

"அப்ப இவர் வீட்டுல பேசக்கூடாதா?" என்றேன்.

"பேசலாம் அக்கா. தாளம் இல்லாம பேசணும். முள் ஆடக்கூடாது, அவ்வளவுதான். நீங்க தாராளமா பேசலாம். உங்க குரல் இன்னும் கண்டறியப்படலை."

அந்த 'இன்னும்' எனக்குப் பிடிக்கவில்லை.

தாளம் இல்லாமல் பேசிப் பாருங்கள். "தண்ணி குடு" என்பதில்கூட ஒரு தாளம் இருக்கிறது. இவர் வார்த்தைகளை உடைத்து உடைத்துப் பேசினார். தண். ணி. கு. டு. அதற்கும் முள் ஆடியது. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் குசுகுசுத்தோம். கேட்பாளர் முக்காலியைச் சமையலறைக்கு நகர்த்திக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க அக்கா. குழாய்ச் சத்தம் பின்னணி இசைன்னு எழுத வேண்டியதா இருக்கு." தூக்கத்தில் குறட்டை விட்டபோது முள் எகிறியது. மறுநாள் வளர்ச்சி அலுவலரே வந்து, ஒருக்களித்துப் படுக்கும்படி கேட்டுக்கொண்டு போனார். அதன்பிறகு இவர் என்னிடம் கையால் பேசத் தொடங்கினார். கையை அசைத்து அவர் ஜோக் சொல்வார். நான் சத்தம் வராமல் சிரிப்பேன். சிரிப்பில் தாளம் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

மேம்பாலத்துக்குக் கீழே இவர் வரிகளை முணுமுணுத்தவர்களையும் கேட்பாளர் விடவில்லை. செல்போனில் இவர் பாட்டை வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் போய், கதவைத் தட்டி, "ஒரு சின்ன உதவி," என்று தொடங்குவாராம். அவர் போன பிறகு யாருடைய செல்போனிலும் ஒன்றும் இருப்பதில்லை. அவர் ஒருவரையும் அதட்டியதாக நான் கேள்விப்படவில்லை. அன்று படியில் நின்று பாடிய நடத்துநர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

பிறகு கேட்பாளர் வேலைக்கும் கூட வந்தார். கூண்டு வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இவர் வழக்கம்போல், "நான் உள்ள!" என்று கத்தினார். முள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

ஆணையம் அவசரக் கூட்டம் கூட்டியது. எங்களையும் கூப்பிட்டார்கள். தலைவர், வளர்ச்சி அலுவலர், கண்டறியுநர் மூவரும் நீள மேசைக்கு அந்தப் பக்கம். என் தம்பி வேலை உடுப்போடு வந்திருந்தான்.

"சார், அது பாட்டு இல்லை சார். அதைச் சொல்லலைன்னா எனக்கு மாமா எங்க இருக்காருன்னே தெரியாது. ஆள் செத்துடுவாங்க சார்," என்றான்.

"உணர்ச்சிவசப்படாதீங்க தம்பி," என்றார் தலைவர். "கேட்பாளர் அந்தக் கூவலைப் பதிவு பண்ணிக் கொண்டுவந்தார். நாங்க மூணு பேரும் கேட்டோம். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. உங்க மாமாவோட மொத்தப் படைப்புலயும் அதுதான் உச்சம். அதனாலதான் அதை எல்லாத்துக்கும் முன்னால பாதுகாக்கணும்."

"அப்ப ஒரு மணி வெச்சுக்கறோம்," என்றேன் நான்.

"மணி வாத்தியம் ஆச்சேம்மா," என்றார் வளர்ச்சி அலுவலர்.

"விளக்கு?"

"இருட்டுல ஒரு ஆள், அவர்மேல ஒரு விளக்கு," என்றார் கண்டறியுநர் யோசித்து. "அது மேடை. மேடைன்னா அது கச்சேரி. வெளியீட்டுக்கு முன்னால கச்சேரி கூடாது."

மூவரும் குனிந்து பேசிக்கொண்டார்கள். தலைவர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. தீர்வு கிடைத்துவிட்டது. கேட்பாளருடைய குரல் கண்டறியப்பட்ட குரல் அல்ல. அவர் எதையும் சொல்லலாம். எனவே என் கணவர் உள்ளே போனால், கேட்பாளர் படியேறி மொட்டை மாடிக்குப் போய், "அவர் உள்ளே இருக்கிறார்," என்று என் தம்பியிடம் சொல்வார். வெளியே வந்தால் மறுபடி படியேறி, "அவர் வெளியே இருக்கிறார்," என்பார். இதை ஆணையம் ஒருமனதாக ஏற்றது. மூவரும் எழுந்து ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள்.

என் கணவர் அந்தக் கூட்டம் முழுக்க ஒன்றும் பேசவில்லை. மேசைமேல் கருவி இருந்தது. வெளியே வந்ததும் என் உள்ளங்கையில் விரலால் எழுதினார்: 'கடைசி அமர்வு அடுத்த வாரம்.'

"அமர்வு எக்கேடு கெட்டா என்ன, கூண்டுல நீங்க கத்துங்க," என்றேன். நடையில் என் குரல் ஒரு முழம் போய் விழுந்தது. அவர் என் விரல்களை மூடி, கையை ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார்.

அந்த வாரம் அவர்களுக்கு வேலை உயரமான ஓர் அலுவலகக் கட்டடத்தில். லிஃப்ட் பழுதானதால்தான் இவர்கள் வந்திருந்தார்கள். ஆகவே கேட்பாளர் ஒவ்வொரு தடவையும் படியேறித்தான் போக வேண்டும். அவர் முகம் சுளிக்காமல் ஏறினார், இறங்கினார். ஒரு நாள் பகலில் என் கணவர் வேலையை முடித்து வெளியே வந்து, கட்டைவிரலால் வெளியே என்று காட்டினார். கேட்பாளர் படியேறத் தொடங்கினார். கருவியை மட்டும் கூண்டு வாசலிலேயே, முக்காலிமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் பாதி வழியில் இருக்கும்போது என் கணவருக்கு ஸ்பானரைப் பெட்டிக்கு மேலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்திருக்கிறது. விட்டுவிட்டு வரக்கூடாது; பெட்டி ஓடும்போது அது விழுந்து எதையாவது அடைத்துவிடும். எடுக்கப் போனார்.

கேட்பாளர் மேலே போய்ச் சேர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு, "அவர் வெளியே இருக்கிறார்," என்றார்.

என் தம்பி விசையைப் போட்டான்.

கேட்பாளர் அன்றே எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வரிசையாக வைத்தார். அழுதிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். "அக்கா, ஒண்ணு மட்டும் உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன். முள் ஆடவே இல்லை. கடைசி வரைக்கும் அவர் விதியை மீறலை," என்றார். அதைவிட நல்ல ஆறுதல் அவருக்குத் தெரியவில்லை.

கடைசி அமர்வை என் கணவர் இல்லாமலே நடத்தினார்கள். அதற்கு அவர் தேவைப்படவில்லை. மிச்சமிருந்ததை எடுத்தார்கள். பிறகு முழு வளர்ச்சி விழாவுக்கு அழைப்பு வந்தது. என் தம்பி வரமாட்டேன் என்றான். அவன் இப்போது ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான். அங்கே யார் சொல்லைக் கேட்டும் அவன் எதையும் ஓட்ட வேண்டியதில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. தலைவரிடம் இரண்டு உரைகளைத் தயாரித்துக் கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. "இந்த மகிழ்ச்சியான தருணத்தில்..." என்று தொடங்கி, தாளை மாற்றி, "இந்தத் துயரமான தருணத்தில்..." என்றார். பிறகு தாள்கள் கலந்துவிட்டன.

"வளரும் கலைஞர்களிடம் நமக்கு இருந்துவந்த ஒரே தொல்லை, அவர்கள் நம்மைக் கேட்காமலும் வளர்ந்துவிடுகிறார்கள் என்பதே. ஓர் ஓசையை நாம் இன்று ஒழுங்குபடுத்தினால் நாளை அவர் வேறு மாதிரிப் பாடுகிறார். இந்தக் கலைஞரிடம் இனி அந்தத் தொல்லை இல்லை. இவருடைய ஓசை முழுமையடைந்துவிட்டது. இதில் இனி எந்த மாற்றமும் நிகழாது என்று இந்த ஆணையம் உறுதியளிக்கிறது. ஆணையத்தின் வரலாற்றில் இப்படி உறுதியாகச் சொல்ல முடிந்த முதல் கலைஞர் இவர். மற்றவர்களும் இவரைப் பின்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

விளக்குகள் மங்கின. இசைத்தட்டைப் போட்டார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்தேன். ஆனால் மேடையில் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் கண்ணை மூடித் தலையை லேசாக அசைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இசை விமர்சனம் எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "இந்த இடத்தைக் கவனிச்சீங்களா?" என்றார் என் காதோரம். எப்போது முடிந்தது என்று தெரியாமல் நடுவில் ஒருவர் கைதட்டிவிட்டார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வளர்ச்சி அலுவலர் கையை உயர்த்தியபோது மொத்த அரங்கமும் எழுந்து நின்று தட்டியது. விமர்சகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மேடைக்குப் பக்கத்தில் போய் வளர்ச்சி அலுவலரைப் பிடித்தேன். "பழைய பதிவு ஏதாவது இருக்கா? முதல் நாள் எடுத்தது? ஒரு வரி போதும்."

"அதுலேருந்துதானேம்மா இதைச் செஞ்சோம்," என்றார் அவர், என் தோளைத் தடவி. "அது இதுக்குள்ள இருக்குன்னு நெனச்சுக்குங்க." இசைத்தட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். கனமாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சில நாள் கழித்துக் கேட்பாளர் வந்தார்.

"அக்கா, இதைக் கேக்கவே சங்கடமா இருக்கு. முழுமையடைஞ்ச ஓசைக்கு ஒரே ஒரு வடிவம்தான் இருக்கலாம்னு விதி. பழைய வடிவத்தோட பிரதி எங்கேயும் இருக்கக்கூடாது. எல்லா எடத்துலயும் பாத்துட்டோம். ஒரு எடம்தான் பாக்கி." என் நெற்றியைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் குரல் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருந்தா?"

"இருந்தா உங்களை அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க. பயப்படாதீங்க. வலிக்காது. அமர்வுதான். கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுப்பாங்க."

"ஞாபகம் இல்லை," என்றேன்.

அவர் வெகுநேரம் கருவியைப் பார்த்தார். என் குரலில் அவருக்கு என்ன கேட்டதோ தெரியாது. "நல்லதுக்கா," என்றார். "ஆனா அப்பப்ப வந்து கேக்கணும். சிலருக்குத் திடீர்னு வந்துடுமாம்."

அதிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். முக்காலியை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. நானும் அதே பதில் சொல்கிறேன். நன்றாகச் சொல்லப் பழகிவிட்டேன். குரல் நடுங்காது, கண் கலங்காது. முள்ளும் ஆடுவதில்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் தாழ் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்காருவேன். முதலில் எல்லாம் அவர் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்கு முன்பே என் கணவர் குரல் வந்துவிடும். "டீச்சர், கையை எடு," என்று.

நேற்றும் வந்து போனார். நேற்றும் உட்கார்ந்தேன். படியில் சத்தம் ஓய்ந்தது. கீழே தெருக் கதவு சாத்திக்கொண்டது. என் கணவர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் ஒன்று விடாமல் நினைவுக்கு வந்தன. என் கையெழுத்தில், பிழை திருத்தி, வரிசையாக வந்தன. குரல் வரவில்லை. எழுந்து விளக்கைப் போட்டேன். துணிகளை மடித்தேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன். கடைசியில் வந்தது.

அடுத்த முறை கேட்பாளர் கேட்கும்போதும் நான் இல்லை என்றுதான் சொல்வேன். அது பொய்யாக இருக்க வேண்டுமே என்றுதான் இப்போது எனக்குப் பயம்.